பாரத்துக்கு ஜீன்ஸ், பார்வைக்குப் பூவேலை

ஒரு ஜீன்ஸ் முழுக்க முழுக்க இற்றுப்போய் நான் பார்த்ததே இல்லை. முழங்கால் கிழியும். தொடைகள் இரண்டும் உரசும் இடம் இழை இழையாகத் தேயும். குதிகாலுக்குப் பின்னால் தரையில் இழுபடும் ஓரம் பிசிறாகும். மற்றபடி முன்தொடை, கெண்டைக்கால் பகுதி, இடுப்புப் பட்டி எல்லாம் இன்னும் பல வருஷம் உழைக்கிற தெம்போடு இருக்கும். பூவேலை செய்த துணியின் கதை வேறு. அதில் நூல் வேலை பளிச்சென்று அப்படியே இருக்கும், அதைத் தாங்குகிற அடித்துணிதான் முதலில் நைந்துபோகும். ஒரு தலையணை உறையின் ஓரத்திலோ, ஒரு மேலாடையின் கழுத்திலோ யாரோ பொறுமையாகப் போட்ட கொடியும் பூவும், துணி கிழிந்த ஒரே காரணத்துக்காக மூட்டைக்குள் போய்விடுகின்றன.

இந்த இரண்டையும் சேர்த்துக் கைப்பை தைக்க நினைக்கிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். எந்தத் துணிக்கு எந்த வேலை என்று கத்தரியை எடுப்பதற்கு முன்பே பிரித்துவிடுங்கள். இழுவையும் உரசலும் வரும் இடமெல்லாம் ஜீன்ஸ். கண் போகிற, ஆனால் உடம்போ சுவரோ உரசாத இடத்தில் பூவேலை. இந்தப் பங்கீடு சரியாக அமைந்துவிட்டால் பை பல வருஷம் தோளில் தொங்கும். அமையாவிட்டால் அழகான பூக்கள் சில மாதங்களிலேயே நூல் நூலாகக் கழன்று வரும். இன்னொருவர் கையால் போட்ட தையல் அப்படி அழிவதைப் பார்க்க எனக்கு மனசு வராது.

அதே காரணத்தால், உடுத்தக்கூடிய ஜீன்ஸை வெட்டாதீர்கள். முழங்காலில் ஓர் ஒட்டுத்துணி வைத்துத் தைத்தால் இன்னும் ஓடும் என்றால் அதைச் செய்யுங்கள், அல்லது யாருக்காவது கொடுங்கள். லீவைஸ் நிறுவனம் தன் 501 ஜீன்ஸைப் பற்றி 2015இல் வெளியிட்ட கணக்கின்படி, பருத்தி விதைப்பதிலிருந்து கடைசியாகத் துவைப்பது வரை ஒரே ஒரு ஜீன்ஸுக்கு ஏறத்தாழ 3,800 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. அதில் மூன்றில் இரண்டு பங்கு பருத்தி வளர்க்கவே போய்விடுகிறது. அவ்வளவு தண்ணீர் குடித்த துணி, உடையாகத் தன் காலத்தை முடித்த பிறகு பையாகட்டும். முழுசாக இருக்கும் பூவேலை விரிப்பையும் இதே போலத்தான், வெட்டவே கூடாது. நமக்கு வேண்டியது மிச்சங்கள்.

ஜீன்ஸ் துணியை வெட்டுவதற்கு முன் அதன் நெசவைக் கொஞ்சம் உற்றுப் பாருங்கள். நீளவாக்கில் ஓடும் பாவு நூல் நீலம், குறுக்கே ஓடும் ஊடை நூல் வெள்ளை. பாவு நூல் பொதுவாக மூன்று ஊடைகளின் மேல் போய் ஒன்றின் கீழ் நுழையும். அதனால்தான் வெளிப்பக்கம் நீலமாகவும் உள்பக்கம் வெளுத்தும் இருக்கிறது, மேலே சாய்ந்த கோடுகள் ஓடுகின்றன. இந்த நீலம் அவுரிச் சாயம், அதற்கு ஒரு குணம் உண்டு. அது தண்ணீரில் கரையாது. அதைக் கரையும் நிலைக்கு மாற்றி, நூலை முக்கி எடுத்துக் காற்றில் காட்டும்போதுதான் நீலம் பிறக்கிறது. இப்படி மறுபடி மறுபடி முக்கி எடுத்தாலும் சாயம் நூலின் மேல்பரப்பிலேயே படிந்துவிடுகிறது, நடுத்தண்டு வெள்ளையாகவே நிற்கிறது. ஜீன்ஸ் வெளுப்பது என்பது இந்த மேல் அடுக்கு உரசி உதிர்வதுதான். ஆகவே பழைய ஜீன்ஸில் எங்கெல்லாம் வெளுத்திருக்கிறதோ அங்கெல்லாம் நூல் தேய்ந்திருக்கிறது என்று படித்துக்கொள்ளலாம். மடிப்புக் கோடுகளின் வெளுப்பு அழகுதான், அதைப் பையின் முன்பக்கத்தில் வையுங்கள். ஆனால் கைப்பிடிக்கும் அடிப்பாகத்துக்கும் கருநீலம் மாறாத இடங்களையே தேடி வெட்டுங்கள். வெளுப்பாகவே விற்கப்பட்ட ஜீன்ஸில் இந்தக் கணக்கு சரிவராது. அங்கே துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்க்க வேண்டும், மெலிந்த இடம் ஒளி விடும்.

எல்லா ஜீன்ஸும் பைக்கு ஆகாது. உள்ளே இருக்கும் சின்னச் சீட்டில் எலாஸ்டேன் அல்லது ஸ்பான்டெக்ஸ் என்று 1, 2 சதவீதம் போட்டிருந்தாலும் அது இழுபடும் துணி. இழுபடும் துணியில் தைத்த பை, உள்ளே நாலு சாமான் வைத்ததும் வயிறு தொங்கிவிடும். நூறு சதவீதப் பருத்தி ஜீன்ஸ்தான் என் முதல் தேர்வு. ஒரு சதுர மீட்டருக்கு 340 முதல் 475 கிராம் வரை எடையுள்ள துணிகள் அவை. உள்ளே வேறு விறைப்புத்துணி ஒட்டாமலே நிமிர்ந்து நிற்கும். கையில் இருப்பது இழுபடும் ஜீன்ஸ்தான் என்றால் அதை ஒதுக்க வேண்டியதில்லை. இழுவை பெரும்பாலும் குறுக்குவாட்டில் ஊடை நூலில்தான் இருக்கும். அதன் பின்பக்கத்தில், சூட்டில் ஒட்டிக்கொள்ளும் பசை பூசிய ஃப்யூசிங் துணியை (நெய்த வகை) இஸ்திரிப் பெட்டியால் ஒட்டிவிட்டு, உள்பாக்கெட்டுக்கும் சின்னத் துண்டுகளுக்கும் பயன்படுத்துங்கள். கைப்பிடிக்கு மட்டும் வேண்டாம்.

பிரிப்பதிலேயே எனக்குப் பாதி ஆனந்தம். காலின் உள்பக்கத் தையல் பெரும்பாலான ஜீன்ஸ்களில் மடித்து மடித்து இரட்டைக் கோடாகப் போட்ட அமுக்குத் தையல். அது பிரிக்கவே முடியாத அளவுக்கு உறுதி, பிரிக்கவும் வேண்டாம். வெளிப்பக்கத் தையலை மட்டும் ஒட்டி வெட்டினால் கால் முழுவதும் விரிந்து, நடுவில் அந்த ஆரஞ்சு நூல் கோடுகளோடு ஒரு பெரிய துண்டாகக் கிடைக்கும். பெல்ட் வளையங்களைத் தையல் பிரிக்கும் ஊசியால் மெதுவாக எடுத்து வையுங்கள், சாவி மாட்டவும் வளையம் கோக்கவும் வேண்டியிருக்கும். பின் பாக்கெட்டைப் பிரிக்கும்போது பாருங்கள். பாக்கெட் இருந்த இடம் வெயிலும் உரசலும் படாமல், புதுத் துணியின் கருநீலத்தில் அதே வடிவத்தில் தெரியும். பூவேலைக்கு இதைவிட நல்ல பின்னணி கிடைக்காது. யாரும் வரையாத ஒரு சட்டம் அது, அந்த ஜீன்ஸைப் போட்டவரின் வருஷங்கள் வரைந்தது. அந்தத் துண்டை நான் வேறு எதற்கும் வெட்ட மாட்டேன்.

இனி பூவேலைத் துண்டுகள். இங்கேதான் நிதானம் வேண்டும்.

துண்டைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். முடிச்சு எங்கே, நூல் எங்கிருந்து எங்கே தாவுகிறது, எந்தப் பூவை முதலில் போட்டார், எங்கே நூல் தீர்ந்து வேறு கண்டு எடுத்தார் என்று எல்லாம் அங்கே எழுதியிருக்கும். வெட்டும் இடத்தை முடிவு செய்வதும் பின்பக்கம்தான். சங்கிலித் தையலாக இருந்தால், அதிலும் கொக்கி ஊசியால் ஒரே நூலில் போட்டதாக இருந்தால், தப்பான முனையில் ஓர் இழுப்பு போதும், கொடி முழுவதும் உருவிக்கொண்டு வந்துவிடும். அதனால் வெட்டிவிட்டுத் தைப்பது என்ற பேச்சே கிடையாது. முதலில் தைக்க வேண்டும், பிறகுதான் வெட்ட வேண்டும். எவ்வளவு பூ வேண்டுமோ அதைச் சுற்றிப் பொடித் தையலாக, 1.5 மி.மீ. நீளத்தில், இரண்டு சுற்று ஓட்டுங்கள். கோட்டுக்கு வெளியே 2 செ.மீ. துணி விட்டு வெட்டுங்கள். வெட்டில் அறுபடும் பூவேலை நூல் நுனிகளைப் பின்னால் இழுத்து ஊசியால் முடிந்துவிடுங்கள்.

சாட்டின் தையல் என்று சொல்கிற நிரப்புத் தையலில் நூல் நீளமாகப் படுத்துக் கிடக்கும். பளபளப்புக்குக் காரணம் அந்த நீளம்தான், அதன் பலவீனமும் அதுவே. நகமோ மோதிரமோ பட்டால் நூல் மேலெழும்பிவிடும். இழை ஒவ்வொன்றும் அரை விரல் நீளம் ஓடுகிற பெரிய இதழ்களைப் பைக்கு எடுக்காதீர்கள், சட்டம் போட்டுச் சுவரில் மாட்டுங்கள். பொடி இதழ், முடிச்சுத் தையல், கெட்டித் தையல், குறுக்குத் தையல் எல்லாம் பைக்கு நன்றாகத் தாங்கும். ஜரிகை வேலை இருந்தால் இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறையுங்கள். இப்போதைய ஜரிகைகள் பலவும் உலோகம் பூசிய பிளாஸ்டிக் இழைகள், சூட்டில் சுருங்கி உருகிவிடும். கண்ணாடி வேலை இருந்தால் அதன் விளிம்பிலிருந்து மெஷின் ஊசி ஒரு விரல் அகலமாவது தள்ளி ஓட வேண்டும். எந்தப் பூவேலையையும் இஸ்திரி போட வேண்டுமானால் தடித்த துண்டின் மேல் கவிழ்த்துப் போட்டுப் பின்பக்கமாக அழுத்துங்கள், முடிச்சுகள் தட்டையாகாது.

அடித்துணி நைந்திருந்தால் பின்னால் மெல்லிய பருத்தித் துணி வைத்து, பூக்களுக்கு நடுவே வெற்றிடம் உள்ள இடங்களில் கையால் சின்னச் சின்ன ஓட்டுத் தையல் போடுங்கள். பழைய துணிகளை அடுக்கி ஓட்டுத் தையலால் ஒன்றாக்குவது புதிய யோசனை இல்லை. வங்காளத்துக் காந்தா அதுதான். பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே வண்ண நூலை உருவி, அந்த நூலாலேயே பூவும் மீனும் தைத்தார்கள். ஜப்பானில் பருத்தி விளையாத வடபகுதியில், போரோ என்று அழைக்கப்படும் உடைகளில் அவுரி நீலத் துண்டுகளைத் தலைமுறை தலைமுறையாக ஒன்றின் மேல் ஒன்றாகத் தைத்துக்கொண்டே போனார்கள். இரண்டுமே இல்லாமையிலிருந்து வந்தவை. இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. அந்தப் பெண்களின் கைத்திறன் மேல் எனக்குள்ள மரியாதையைச் சொல்ல இந்த ஒரு பத்தி போதாது.

பூவேலையை ஜீன்ஸ் மேல் எப்படி ஏற்றுவது? பலரும் செய்வது, துண்டை மேலே வைத்துச் சுற்றித் தைத்துவிடுவது. அதில் பூ பையின் பரப்பைவிட மேலே எழும்பி நிற்கும். எதன் மேல் உரசினாலும் முதலில் அடிபடுவது அந்தப் பூதான். நான் செய்வது இதற்கு எதிர்மாறு. ஜீன்ஸில் ஒரு ஜன்னல் வெட்டி, பூவேலையை அதன் பின்னால் வைக்கிறேன். தடித்த ஜீன்ஸின் விளிம்பு மேடாகவும் பூ பள்ளமாகவும் அமைந்துவிடுகிறது. உரசலை விளிம்பு வாங்கிக்கொள்கிறது.

முறை இதுதான். ஜீன்ஸின் வெளிப்பக்கத்தில் ஜன்னல் வரவேண்டிய இடத்தில், அதைவிட எல்லாப் பக்கமும் 4 செ.மீ. பெரிய மெல்லிய பருத்தித் துணியைக் கவிழ்த்து வையுங்கள். ஜன்னலின் வடிவத்தைச் சோப்புக்கட்டியால் வரைந்து, அந்தக் கோட்டின் மேலேயே இரண்டு துணியும் சேரப் பொடித் தையல் ஓட்டுங்கள். கோட்டுக்கு உள்ளே 8 மி.மீ. விட்டு நடுத்துணியை வெட்டி எடுத்துவிடுங்கள். மூலைகளில் தையலைத் தொடாமல், ஆனால் தையலின் வாசல் வரை, சாய்வாகக் கத்தரி வையுங்கள். வட்டமோ வளைவோ என்றால் சுற்றிலும் சின்னச் சின்ன வெட்டுகள். இனி அந்தப் பருத்தித் துணியை ஜன்னல் வழியாகப் பின்பக்கம் இழுத்துத் திருப்பி இஸ்திரி போட்டால், பிசிறே இல்லாத சுத்தமான விளிம்போடு ஜன்னல் திறந்திருக்கும். பூவேலையைப் பின்னால் வைத்து, குண்டூசி குத்திப் பார்த்து, பூ நடுவில் அமர்ந்ததும் ஜன்னல் விளிம்பிலிருந்து 3 மி.மீ. தள்ளி, ஜீன்ஸின் மேலாக, மேல்தையல் போடுங்கள். அந்தப் பழைய ஆரஞ்சு நூலுக்கு ஒத்த நிறத்தில் போட்டால் ஜன்னல் அந்த ஜீன்ஸோடு பிறந்தது போலவே இருக்கும்.

விளிம்பைத் திருப்பாமல் பிசிறாகவே விடுவதையும் சிலர் விரும்புகிறார்கள், அந்த வெள்ளை நூல் குஞ்சம் அழகுதான். அப்படி விட்டால் விளிம்பிலிருந்து 6 மி.மீ. தள்ளி ஒரு தையல் கோடு கட்டாயம் வேண்டும். பிசிறு அந்தக் கோட்டோடு நின்றுவிடும்.

ஜன்னல் எங்கே வரவேண்டும்? முன்பக்கம், பையின் வாய்க்குச் சற்றுக் கீழே, மேல்பாதியில். இடுப்பில் உரசும் பின்பக்கத்தில் வேண்டாம். கீழ் மூலைகளில் வேண்டாம், பையைத் தரையில் வைக்கும்போது அவைதான் அடிபடும். கைப்பிடி சேரும் இடத்திலும் வேண்டாம், பாரம் இழுக்கும்போது பூவேலையின் நெசவு கோணிவிடும். ஒரு பைக்கு ஒரு ஜன்னல் போதும் என்பது என் கருத்து. கையில் நிறையத் துண்டுகள் இருக்கும்போது எல்லாவற்றையும் வைக்கத் தோன்றும். ஆனால் நீலம் நிறைய இருந்தால்தான் சிவப்பும் மஞ்சளும் பேசும்.

மெஷின் பற்றி ஒரு வார்த்தை. வீட்டு மெஷினே போதும், ஊசியை மட்டும் மாற்றுங்கள். ஜீன்ஸ் ஊசி என்றே கிடைக்கும், 100/16 எண்ணில் பெரும்பாலான வேலை முடியும். கைப்பிடி சேரும் இடத்துக்கு 110/18. தையல் நீளம் 3 முதல் 3.5 மி.மீ., மேல்தையலுக்கு 4. பாலியெஸ்டர் நூல் போடுங்கள், பழைய பருத்தி நூல் கண்டுகள் இந்த இழுவைக்குத் தாங்காது. அமுக்குத் தையலின் மேல் இன்னொரு தையல் குறுக்கே ஏறும்போது மெஷின் திணறி, தையல் பொடியாகிக் குவியும். காரணம், துணியை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் காலின் முன்பக்கம் மேடேறி, பின்பக்கம் பள்ளத்தில் கிடப்பதுதான். கால் சாய்ந்ததும் ஊசியைத் துணிக்குள் இறக்கிவைத்து, காலைத் தூக்கி, அதன் பின்பக்கத்துக்கு அடியில் மடித்த ஜீன்ஸ் துண்டு ஒன்றைச் செருகிச் சமப்படுத்துங்கள். மேட்டின் மேல் சக்கரத்தைக் கையாலேயே சுற்றுங்கள். அதற்கும் முன்னால், தடித்த இடத்தைத் துணி சுற்றிய சுத்தியலால் நாலு தட்டுத் தட்டினால் அது இளகிக்கொடுக்கும்.

பையின் உடல் எளிது. முன்னும் பின்னும் 43 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரத்தில் இரண்டு துண்டுகள், தையலுக்கு 1.5 செ.மீ. சேர்த்த அளவு. ஒரு கால் பகுதியை விரித்தால் தொடைப்பக்கத்தில் இந்த அகலம் கிடைத்துவிடும். பாவு நூல் உயரவாக்கில் வரட்டும். பக்கங்களையும் அடியையும் தைத்த பிறகு, கீழ் மூலை ஒவ்வொன்றிலும் தையல் கோட்டிலிருந்து அளந்து 5 செ.மீ. சதுரத்தை வெட்டி எடுத்து, திறந்த மூலையைப் பக்கத்தையலும் அடித்தையலும் நேர்க்கு நேர் வரும்படி விரித்துத் தைத்தால் 10 செ.மீ. அகல அடி வரும். ஜன்னல் வேலை, பாக்கெட் வேலை எல்லாவற்றையும் துண்டுகள் தட்டையாக இருக்கும்போதே முடித்துவிட வேண்டும்.

கைப்பிடிக்கு நேரான இடுப்புப் பட்டி கிடைத்தால் அதிர்ஷ்டம், அதைவிட உறுதியாக நாம் எதையும் தைக்க முடியாது. தாழ்ந்த இடுப்பு ஜீன்ஸ்களில் பட்டி வளைந்திருக்கும், அது உதவாது. அப்போது காலின் நீளவாக்கில், பாவு நூலோடு, 9 செ.மீ. அகலப் பட்டைகள் வெட்டி, நீள ஓரங்களை நடுவுக்கு மடித்து, உள்ளே பருத்தி நாடா வைத்து, மறுபடி இரண்டாக மடித்துத் தையுங்கள். பையின் உடலில் கைப்பிடி முனை 4 செ.மீ. படிய வேண்டும். அங்கே ஒரு சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் தையலாக ஓட வேண்டும். பின்னால் உள்பக்கத்தில் இன்னொரு ஜீன்ஸ் துண்டு வைத்தே தையுங்கள், இல்லாவிட்டால் கைப்பிடி நிற்கும், பைத்துணி கிழியும்.

அதற்கு மேலும் உறுதி வேண்டுமென்றால் ரிவெட், அதாவது துணியைத் துளைத்து அடிக்கும் சின்ன உலோகக் குமிழ். ஜீன்ஸுக்கு ரிவெட் வந்த கதையே இங்கே பொருத்தம். அமெரிக்காவின் நெவாடாவில் ரீனோ என்ற ஊரில் ஜேக்கப் டேவிஸ் என்ற தையல்காரர் இருந்தார். கூடாரமும் வண்டிகளுக்கு மூடுதுணியும் குதிரைக்குப் போர்வையும் தைத்துக் கொடுத்தவர். குதிரைப் போர்வைகளின் வார்களைப் பிணைக்க அவர் வைத்திருந்த செப்பு ரிவெட்டுகள், பாக்கெட் மூலை கிழியாமல் இருக்க உழைப்பாளிகளின் கால்சட்டைக்குப் போயின. துணி வியாபாரி லீவை ஸ்ட்ராஸுடன் சேர்ந்து அவர் பெற்ற காப்புரிமையின் தேதி 1873 மே 20. வாரைப் பிடிக்க வந்த ரிவெட் பாக்கெட்டுக்குப் போனது. நாம் அதை மறுபடி வாருக்கே கொண்டுவருகிறோம். பழைய ரிவெட்டைக் கழற்றினால் பெரும்பாலும் மறுபடி பயன்படாது, புதிதாக வாங்கிக்கொள்ளுங்கள்.

உள்துணிக்கு வெளிர் நிறம், நெருக்கமான நெசவுள்ள பருத்தி. கருத்த உள்துணியில் சாவியைத் தேடுவது கண்ணுக்குச் சிரமம். வெளிப்பையைவிட இரண்டு பக்கமும் 3 மி.மீ. குறைத்துத் தைத்தால் உள்ளே சுருக்கம் விழாது. அடியில் 15 செ.மீ. தைக்காமல் விட்டு, வெளிப்பையும் உள்பையும் வாயோடு வாய் சேர்த்துத் தைத்து, அந்தத் திறப்பு வழியாகத் திருப்பி, பிறகு அதை மூடிவிடலாம். காந்தப் பொத்தான் வைக்கிறவர்கள் அதன் பின்னாலும் ஒரு ஜீன்ஸ் துண்டு வைக்க வேண்டும்.

நீலம் ஒட்டும் என்ற பயத்துக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். கருநீல ஜீன்ஸை வெள்ளைத் துணியால் ஈரமாகத் துடைத்துப் பாருங்கள். நீலம் ஏறினால், தைப்பதற்கு முன்பே தனியாக, நீலம் குறையும் வரை துவைத்து உலர்த்துங்கள். உப்பும் வினிகரும் அவுரி நீலத்தை நிறுத்தாது, வீண் வேலை. பூவேலையின் சிவப்பு, மெரூன் நூல்களையும் இதே ஈரத்துணிச் சோதனைக்கு உட்படுத்துங்கள். சாயம் இறங்குகிற துண்டு என்றால் அந்தப் பையை இனி முழுதாக நனைக்கக் கூடாது, அழுக்கான இடத்தை மட்டும் துடைத்தெடுக்க வேண்டும்.

பழுது வந்தால் முதலில் வருவது கைப்பிடிச் சதுரத்தின் மேல் கோட்டில்தான். நூல் ஒன்று விட்டுப்போனதைக் கண்ட அன்றே மறுபடி ஓட்டிவிடுங்கள். வெட்டியது போக மிஞ்சும் நீளத் துண்டுகளில் ஒன்றையும் அதே நிற நூல் கொஞ்சத்தையும் சுருட்டிப் பையின் உள்பாக்கெட்டிலேயே போட்டுவையுங்கள். ஒட்டுப்போடும் நாளில் அதே வயதான, அதே அளவு வெளுத்த துணி வேறெங்கும் கிடைக்காது.